காதுக் குத்தும் அதனோடு வரும் பயமும்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துக் கடை வாசலிலும் ஓ.பி.டி. வரிசையிலும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறோம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம், கீழே பல பதில்களில் இது திரும்பவும் வரும். காது வருத்தத்தில் வலி எவ்வளவு என்பதை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. நாளுக்கு நாள் அது எந்தப் பக்கம் போகிறது, காதை விட்டு வேறு எங்கே பரவுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

காது குத்துது எண்டா உள்ளுக்க எங்க பிரச்சினை? எல்லாம் ஒரே வருத்தம்தானே?

இல்லை, பெரும்பாலும் இரண்டில் ஒன்று. செவிப்பறைக்கு வெளியே உள்ள துவாரத்தில் கிருமி பிடித்தால் அது வெளிச்செவி அழற்சி. கடலிலோ வாவியிலோ குளத்திலோ குளித்த பிறகும், பட்ஸ் போட்டுக் குடைந்த பிறகும் வருவது இதுதான். செவிப்பறைக்கு உள்ளே சீழ் தேங்கினால் அது நடுச்செவி அழற்சி. தடிமன், சளி வந்து சில நாட்களில் பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் இது. மூக்கின் பின்பக்கத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் ஊத்தேக்கியாவின் குழாய் சிறு பிள்ளைகளில் கட்டையாகவும் கிடையாகவும் இருப்பதால் சளியோடு கிருமியும் இலகுவாக உள்ளே போய்விடும்.

வீட்டிலேயே ஓரளவு பிரித்தறியலாம். காது மடலை மெதுவாக இழுத்துப் பாருங்கள். துவாரத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குருத்தையும் அமத்திப் பாருங்கள். அப்போது வலி கூடினால் வெளிச்செவி. இழுத்தாலும் அமத்தினாலும் மாற்றமில்லாமல் ஆழத்தில் குத்தினால் நடுச்செவியாக இருக்கலாம். வலியைவிடக் கடி அதிகமாக, ஈரக் கடதாசி போல வெள்ளையோ கறுப்போ வந்தால் அது பூஞ்சணம். எங்கள் பக்கத்துப் புழுக்கத்துக்கும், காதுக்கு எண்ணெய் விடும் பழக்கத்துக்கும் அது நன்றாக வளரும்.

காதுக்குள் ஒன்றுமே இல்லாமலும் காது குத்தும். கடைவாய்ப் பல் சொத்தை, தொண்டைப் புண், தாடை மூட்டு மூன்றும் காதில்தான் வலியைக் காட்டும். வைத்தியர் காதைப் பார்த்துவிட்டு “காது நல்லா இருக்கு” என்றால் அடுத்ததாகப் பல்லைக் காட்டுங்கள்.

எத்தின நாளில மாறும்? எத்தினாம் நாள் பயப்பட வேணும்?

நடுச்செவி அழற்சி பெரும்பாலும் 3 நாட்களில் இறங்கத் தொடங்கும், சிலருக்கு ஒரு வாரம் இழுக்கும். வெளிச்செவி அழற்சி துளி மருந்து தொடங்கி 2, 3 நாட்களில் குறைய வேண்டும். முதல் இரவு வலி பொறுக்க முடியாமல் இருப்பது வழமை. அது கெட்ட அறிகுறி அல்ல.

3 நாட்கள் போயும் ஒரு சொட்டும் குறையவில்லை என்றாலோ, நன்றாகக் குறைந்து வந்த வலியும் காய்ச்சலும் திரும்ப ஏறினாலோ போய்க் காட்டுங்கள். இரண்டாவது வகையைத்தான் சனம் அதிகம் தவற விடுகிறது. “போன கிழமை மாறினதுதானே” என்று இருந்துவிடுவார்கள்.

3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் இருந்தால் காது, மூக்கு என்று பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். 6 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் காதில் கிருமி என்ற சந்தேகம் இருந்தாலே காத்திருக்க வேண்டாம்.

ராவு ரெண்டு மணிக்குப் பிள்ளை கத்துது. விடியும்வரைக்கும் என்ன செய்யிற?

பரசிற்றமோல் (பனடோல்) கொடுங்கள். ஒரு தடவைக்கு, ஒரு கிலோ நிறைக்கு 15 மில்லிகிராம். 12 கிலோ பிள்ளைக்கு 180 மில்லிகிராம் வரும். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் அது 7.5 மில்லிலீற்றர். போத்தலின் லேபலைக் கட்டாயம் வாசியுங்கள், இரட்டிப்புச் செறிவுள்ள சிரப்பும் விற்கிறது. தேக்கரண்டியை நம்பாமல் ஊசியில்லாத சிரிஞ்சினால் அளங்கள். 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, 24 மணித்தியாலத்தில் 4 தடவைக்கு மேல் வேண்டாம். வளர்ந்தவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை 2, அதே இடைவெளியில், நாளுக்கு 8 குளிசைக்கு மேல் கூடாது. மெலிந்த உடம்பு, ஈரல் வருத்தம் உள்ளவர்கள் அளவைக் கேட்டுக் குறைக்க வேண்டும்.

குடுத்து அரை மணி தொடக்கம் ஒரு மணித்தியாலம்வரை பொறுங்கள். தலைமாட்டை உயர்த்தினால் காதுக்குள் அமுக்கம் குறையும், பெரிய பிள்ளைகளுக்குத் தலையணை வைக்கலாம், குழந்தையை நிமிர்த்தித் தோளில் வைத்திருங்கள். இளஞ்சூட்டுத் துவாயைக் காதின் மேல் வைக்கலாம், உங்கள் உள்ளங்கையில் சூடு சரியா என்று முதலில் பாருங்கள். மருந்து பிடித்துப் பிள்ளை விளையாடத் தொடங்கினால் விடியும்வரை பொறுக்கலாம். மருந்துக்குப் பிறகும் துவண்டு கிடந்தால் நேரத்தைப் பார்க்காமல் வெளிக்கிடுங்கள்.

இபுபுரூபன், வோல்டரன் குடுத்தா வலி கெதியா நிக்கும் எண்டு சொல்றாங்களே?

வலி நிற்கும்தான். ஆனால் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் இங்கே அதைத் தொடக்கூடாது, காரணம் டெங்கு. வடகீழ்ப் பருவ மழையோடு கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் மட்டக்களப்புப் பக்கம் டெங்கு கூடும் காலமும், பிள்ளைகளுக்குத் தடிமனும் காதுக் குத்தும் கூடும் காலமும் ஒன்றுதான். டெங்குக் காய்ச்சலில் இபுபுரூபன், டைக்ளோபெனாக் (வோல்டரன்), அஸ்பிரின் எல்லாம் இரத்தப்போக்கைக் கூட்டும். ஆசனவாயில் குண்டு மருந்தாக வைக்கும் டைக்ளோபெனாக்கும் அதே மருந்துதான்.

காதுக் குத்து இருப்பதால் காய்ச்சல் காதினால்தான் என்று முடிவு கட்ட வேண்டாம். காய்ச்சல் மூன்றாம் நாளுக்குப் போனால் எஃப்.பி.சி. இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள், செய்யுங்கள். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலி, விடாத சத்தி, சலம் குறைதல், முரசில் இரத்தம் என்று ஏதும் வந்தால் அது டெங்குவின் கடுமையான கட்டம். காதை மறந்துவிட்டு ஓடுங்கள்.

உள்ளி தட்டிப் போட்டுத் தேங்காய் எண்ணெய் காய்ச்சி விடலாமா? தாய்ப்பால்?

வேண்டாம். செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து உங்களுக்குத் தெரியாது. கிழிந்திருந்தால் விடுவது எல்லாம் நடுச்செவிக்குள் போய்விடும். கரண்டியில் காய்ச்சிய எண்ணெய் தோலில் இளஞ்சூடாகப்பட்டாலும் காதுக்குள் சுடும். துவாரத்தின் தோல் அவ்வளவு மெல்லியது. தாய்ப்பால் காதுக்குள் புளித்துக் கிருமிக்குச் சாப்பாடாகிவிடும். எண்ணெய் பூசிய காதைத் திறந்து பார்க்கும் வைத்தியருக்கும் செவிப்பறை மினுக்கமாகத்தான் தெரியும், சிவப்பா வீக்கமா என்று சரியாகச் சொல்ல முடியாது.

திடீரெண்டு குத்து நிண்டு தலகாணி எல்லாம் சீழ். கொஞ்சம் ரெத்தமும் இருக்கு. செவிப்பறை போயிட்டா?

கிழிந்திருக்கும், ஆனால் பயப்பட வேண்டாம். உள்ளே தேங்கிய சீழ் செவிப்பறையைத் தள்ளித் தள்ளி, ஒரு சின்ன ஓட்டையால் வெளியே வந்துவிட்டது. அமுக்கம் இறங்கியதால்தான் வலி சட்டென்று நின்றது. சீழில் கலந்த கொஞ்ச இரத்தம் அந்த ஓட்டையின் விளிம்பிலிருந்து வருவது. இப்படி ஏற்படும் ஓட்டைகளில் பெரும்பாலானவை சில கிழமைகளில் தாமாகவே மூடிக்கொள்ளும்.

அன்றோ மறுநாளோ வைத்தியரிடம் காட்டுங்கள். சீழ் வடிந்தால் அன்டிபயோட்டிக் தேவைப்படுவது அதிகம். பிறகு 6 தொடக்கம் 8 கிழமைகளில் ஓட்டை மூடிவிட்டதா என்று ஒரு தடவை பார்க்க வேண்டும். வலி போனதும் எல்லாரும் மறந்துவிடுவது இந்த இரண்டாவது பயணத்தைத்தான்.

தலையில் அடிபட்ட பிறகு காதால் இரத்தமோ, தண்ணீர் போலத் தெளிந்த நீரோ வந்தால் அது வேறு கதை. துடைக்காமல், அடைக்காமல் உடனே 1990 எடுங்கள்.

சீழை எப்படித் துடைக்கிற? பட்ஸ் வைக்கலாமா? குளிக்க வாக்கலாமா?

பட்ஸ் வேண்டாம், அது சீழை உள்ளே தள்ளும். சுத்தமான, தண்ணீர் பட்டால் கரையாத டிஷ்யூவையோ மெல்லிய பருத்தித் துணியையோ திரி மாதிரி முறுக்குங்கள், விளக்குத் திரியின் பருமன் போதும். காது மடலை இழுத்துப் பிடித்துக்கொண்டு திரியின் நுனியைத் துவார வாயிலில் வைத்து, தடை தெரியும்வரை மெதுவாக விடுங்கள். அரை நிமிடம் விட்டால் அது ஊறும். எடுத்து எறிந்துவிட்டுப் புதுத் திரி. காய்ந்து வரும்வரை இப்படியே. நாளுக்கு 3 தடவையாவது செய்ய வேண்டும். துளி மருந்து தந்திருந்தால் துடைத்த பிறகுதான் விட வேண்டும், சீழின் மேல் விட்ட மருந்து தோலில் படாது. காதைப் பஞ்சால் அடைத்து வைக்காதீர்கள்.

கிணற்றடியில் உடம்புக்கு வார்க்கலாம். தலைக்கு வார்ப்பதென்றால் பஞ்சில் வஸ்லின் பூசிக் காது வாயிலை மூடி, முடிந்ததும் எடுத்துவிடுங்கள். கல்லடிக் கடல், பாசிக்குடா, குளம், வாய்க்கால் எல்லாம் வைத்தியர் காது காய்ந்துவிட்டது என்று சொல்லும்வரை தள்ளி வையுங்கள்.

துளி மருந்து விட்டதும் தல சுத்துது. மருந்து ஒத்துக்கொள்ளலயா?

பெரும்பாலும் மருந்து குளிராக இருந்திருக்கும். பிரிட்ஜிலிருந்து எடுத்து நேரே விட்டால் உள்செவியில் சமநிலையைப் பார்க்கும் பகுதி குளிர்ந்து, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு உலகமே சுற்றும். போத்தலைக் கைக்குள் 3, 4 நிமிடம் பொத்தி வைத்துவிட்டு விடுங்கள். வருத்தக் காது மேலே இருக்கும்படி சரிந்து படுக்க வேண்டும். வளர்ந்தவருக்கு மடலை மேலும் பின்னும் இழுக்க வேண்டும், 3 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கீழும் பின்னும். துளியை விட்டு, முன்குருத்தை நாலைந்து தடவை அமத்தி அமத்தி விட்டால் மருந்து உள்ளே இறங்கும். 5 நிமிடம் அப்படியே படுங்கள்.

இப்படிச் செய்தும் ஒவ்வொரு தடவையும் சுற்றினால், அல்லது காதில் புதிதாக இரைச்சல் வந்தால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். ஜென்டமைசின் போன்ற சில துளிகள் ஓட்டையுள்ள காதில் உள்செவியைப் பாதிக்கலாம். போன வருடம் அண்ணனுக்குத் தந்த போத்தலைத் தம்பிக்கு விடக் கூடாது என்பது இதனால்தான்.

காதுக்குப் பின்னால வீங்கியிருக்கு. நெறியா, கூகைக்கட்டா, வேற என்னவுமா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. பிள்ளையை உங்களுக்கு முதுகு காட்டி இருத்தி, முடியை ஒதுக்கி, இரண்டு காதையும் ஒரே நேரத்தில் பின்னாலிருந்து பாருங்கள். நல்ல காதில் மடலும் தலையும் சேரும் இடத்தில் ஒரு மடிப்புக் கோடு தெரியும். வருத்தக் காதில் அந்தக் கோடு அழிந்து, தோல் சிவந்து, மடல் முன்னுக்கும் கீழுக்கும் தள்ளிக்கொண்டு நின்றால், எலும்பின் மேல் விரல் பட்டாலே பிள்ளை கத்தினால், கிருமி காதுக்குப் பின்னுள்ள எலும்புக்குப் பரவியிருக்கலாம். இதை மாஸ்டொயிட் அழற்சி என்பார்கள். அன்றே ஆஸ்பத்திரி. வாட்டில் வைத்து நாளத்தில் அன்டிபயோட்டிக் ஏற்றுவார்கள், சிலருக்கு சி.ரி. ஸ்கானும் சத்திரசிகிச்சையும் தேவைப்படும். காலையில் பார்ப்போம், திங்கட்கிழமை பார்ப்போம் என்று வைக்கும் விஷயமல்ல.

நெறி என்றால் கடலை அளவில், விரலுக்கு உருளும், மேல் தோல் சாதாரண நிறத்தில் இருக்கும், மடிப்புக் கோடும் அழியாது. கூகைக்கட்டு காதுக்கு முன்னாலும் கீழும், தாடை மூலையை மூடி வீங்கும், காதுச் சோணை மேலே தூக்கும், புளி கண்டாலே வலிக்கும். 9 மாதத்திலும் 3 வயதிலும் எம்.எம்.ஆர். ஊசி போட்ட பிள்ளைக்கு அது வருவது குறைவு. இருட்டில் டோர்ச் அடித்துப் பார்த்து நிச்சயமில்லை என்றால் போனில் இரண்டு காதையும் ஒரே படமாக எடுத்து வையுங்கள். 4 மணித்தியாலம் கழித்து இன்னொன்று. வைத்தியருக்கும் அது உதவும்.

இது மூளைக்கு ஏறுமா? உண்மையச் சொல்லுங்க.

ஏறலாம், ஆனால் அரிது. காதின் கூரையாக இருக்கும் எலும்புக்கு மேலேதான் மூளை இருக்கிறது, அதனால் இந்தப் பயம் அர்த்தமில்லாததல்ல. அப்படிப் பரவும்போது காது வலி மட்டும் கூடுவதில்லை, ஆளே மாறிவிடுவார். தலையிடி மணிக்கு மணி ஏறும், திரும்பத் திரும்பச் சத்தி வரும், வெளிச்சம் பார்க்கக் கண் கூசும். நாடியை நெஞ்சில் முட்ட வைக்கச் சொன்னால் கழுத்து வளையாது. எழுப்பினாலும் மயங்கிக்கொண்டே போவார், கதை தடுமாறும், வலிப்பு வரும். பால் குடிக்கும் குழந்தையில் கழுத்து விறைப்பு தெரியாமலும் இருக்கலாம். பால் குடிக்காமை, ஓயாத அழுகை, உச்சிக்குழி புடைத்தல் இவற்றைப் பாருங்கள்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் 1990 சுவசெரிய அம்புலன்ஸை எடுங்கள், காசு இல்லை. வீட்டு இலக்கத்தைவிடப் பக்கத்துக் கோயில், பள்ளிவாசல், பாடசாலை, பாலம் என்று அடையாளம் சொல்லுங்கள். வயல் பக்கத்து வீடென்றால் ஒருவரை டோர்ச்சோடு பிரதான ரோட்டுக்கு அனுப்புங்கள்.

வலி 10க்கு 9, ஆனால் ஆள் தெளிவாகக் கதைக்கிறார், தண்ணீர் குடிக்கிறார், கழுத்து வளைகிறது என்றால், அது மூளைக்கு ஏறிய வலியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அது செவிப்பறை இழுபடும் வலி.

காது வருத்தத்தோட வாய் ஒரு பக்கம் கோணுது. பாரிசவாதமா?

முகத்தை அசைக்கும் நரம்பு நடுச்செவி வழியாகத்தான் போகிறது, கிருமி அதைத் தொட்டால் முகம் கோணும். புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள், கண்ணை இறுக்கி மூடச் சொல்லுங்கள், பல்லைக் காட்டச் சொல்லுங்கள். நெற்றியும் சேர்ந்து அசையாவிட்டால் நரம்பின் பக்கம், நெற்றி அசைந்து வாய் மட்டும் கோணி, கை விழுந்து, கதை குழறினால் பாரிசவாதத்தின் பக்கம். வீட்டில் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை, இரண்டுக்கும் உடனே ஆஸ்பத்திரிதான். பாரிசவாதச் சாயல் என்றால் 1990.

காது மடலிலோ துவாரத்திலோ சின்னச் சின்னக் கொப்புளங்கள் சேர்ந்திருந்தால் அதைச் சொல்லுங்கள். அது காதில் வந்த அக்கியாக இருக்கலாம், வைரஸ் மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன்.

காது அடைச்ச மாதிரி, கேக்கவே மாட்டெங்குது. நிரந்தரமாப் போயிடுமா?

நடுச்செவியில் நீர் நிற்கும்வரை தண்ணீருக்குள் இருந்து கேட்பது போலத்தான் இருக்கும். வலி போன பிறகும் இந்த நீர் கிழமைக் கணக்கில் நிற்கும், பிள்ளைகளில் 3 மாதம்வரை நிற்கலாம். அதற்குப் பிறகும் ரீவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கேட்டல் பரிசோதனை செய்ய வேண்டும். அதுவரை வகுப்பில் முன் வாங்கில் இருத்தச் சொல்லி ரீச்சரிடம் சொல்லுங்கள்.

ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. வாயை மூடி “ம்ம்ம்” என்று முனகுங்கள். சத்தம் அடைத்த காதில் கூடுதலாகக் கேட்டால் அது குறும்பி, நீர், சீழ் போன்ற தடை, பயமில்லை. நல்ல காதுக்குச் சத்தம் போனால் உள்செவி நரம்பின் கோளாறாக இருக்கலாம். வலியோ சீழோ இல்லாமல் ஒரு காது திடீரென்று, ஒரு நாளிலோ மூன்று நாளுக்குள்ளோ செத்துப்போனால் அது காத்திருக்கும் வருத்தமல்ல. ஸ்டீரொயிட் மருந்தை எவ்வளவு முந்தித் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது. குறும்பி என்று நினைத்து இரண்டு கிழமை எண்ணெய் விட்டு வந்தவர்களுக்குச் செய்ய மிச்சம் இருப்பது குறைவு.

காதுக்குள்ள நெஞ்சு அடிக்கிற மாதிரி டிக் டிக் எண்டு கேக்குது.

உங்கள் நாடித் துடிப்புத்தான். வீங்கிய காதில் இரத்த ஓட்டம் கூடும், வெளிச்சத்தமும் குறைந்திருப்பதால் அது கேட்கிறது. காது மாறும்போது போகும். மாறி ஒரு மாதத்துக்குப் பிறகும் கேட்டால் காட்டுங்கள்.

தல சுத்து எவ்வளவுக்கு எவ்வளவு வழமை?

எழும்பும்போது கொஞ்சம் தள்ளாடுவது வழமை. கண்ணைத் திறந்தால் அறையே சுற்றி, சத்தி எடுத்து, சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியாவிட்டால் கிருமி உள்செவிக்குப் போயிருக்கலாம். அன்றே காட்டுங்கள். காது கேளாமையும் சேர்ந்தால் இன்னும் அவசரம். மருந்து விட்ட நேரத்தில் மட்டும் சுற்றுவதுபற்றி மேலே சொல்லியிருக்கிறோம்.

எனக்குச் சீனி வருத்தம். காது குத்து ராவையில நித்திரையால எழுப்புது.

உங்களுக்கான விதி வேறு. சீனி கட்டுப்பாட்டில் இல்லாத, வயது போனவர்களில் வெளிச்செவிக் கிருமி தோலைத் தாண்டி மண்டை எலும்புக்குள் போகக்கூடும். பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற கிருமி. வெளியே பார்த்தால் பெரிதாக ஒன்றும் இராது. வலி ஆழத்தில், இரவில் கூடி, பனடோலுக்கு அசையாமல், துளி மருந்து விட்டும் மாறாமல் இருக்கும். பிறகு முகம் கோணலாம், விழுங்கக் கஷ்டமாகலாம். இதற்குக் கிழமைக் கணக்கில் அன்டிபயோட்டிக் தேவை. 3 நாள் பார்ப்போம் என்ற மேலுள்ள கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு போய் “எனக்குச் சீனி இருக்கு” என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். குறும்பி எடுக்கத் தண்ணீர் அடிப்பதையும் தவிருங்கள்.

டொக்டர் அன்டிபயோட்டிக் தரல்ல, பனடோல் மட்டும் தந்தவர். சரியாப் பாக்கலயா?

பார்த்ததால்தான் தராமல் விட்டிருப்பார். 2 வயதைத் தாண்டிய, காய்ச்சல் குறைந்த, ஒரு காதில் மட்டும் வருத்தமுள்ள பிள்ளை பெரும்பாலும் அன்டிபயோட்டிக் இல்லாமலே மாறும். 48 தொடக்கம் 72 மணித்தியாலம் பார்ப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழி. நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “எப்பத் திரும்பி வரவேணும்?”

தந்திருந்தால், பெரும்பாலும் அமொக்சிசிலின், சொன்ன நாள்வரை கொடுத்து முடியுங்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கரைத்த சிரப்புக்கு லேபலில் போட்ட நாளுக்குப் பிறகு பலம் இல்லை. வெளிச்செவி அழற்சி என்றால் குளிசையைவிடத் துளி மருந்துதான் நன்றாக வேலை செய்யும்.

நோன்பு நாளையில காதுக்கு மருந்து விடுறது எப்படி?

நாளுக்கு 2 தடவை விடும் துளி என்றால் சஹருக்கு முன்னும், நோன்பு திறந்த பிறகும் விடலாம். 3 வேளைக் குளிசையை 2 வேளை மருந்தாக மாற்ற முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். நீங்களாக ஒரு வேளையைக் குறைக்க வேண்டாம். பகலில் துளி விட்டால் நோன்பு முறியுமா என்பதை மௌலவியிடம் கேளுங்கள், அது எங்கள் வேலையல்ல.

பூச்சி போயிட்டு. மகன் நெல்லை வேற போட்டுக்கிட்டான். தண்ணி அடிக்கவா?

இரண்டுக்கும் வைத்தியம் வேறு. வெளிச்சத்துக்கு வந்த பூச்சி உயிரோடு உள்ளே துடித்தால் காதை மேலே வைத்துச் சில துளி சூடாக்காத தேங்காய் எண்ணெய் விடுங்கள், அது செத்து வலி நிற்கும். காதில் ஓட்டை இருக்கும் ஆளுக்கு மட்டும் விடக் கூடாது. எண்ணெய்க்கு இந்தப் பக்கத்தில் கிடைக்கும் ஒரே அனுமதி இதுதான். செத்த பூச்சியை ஆஸ்பத்திரியில் எடுப்பார்கள். நெல், பயறு, கடலைக்கு ஒரு துளி தண்ணீரும் வேண்டாம், ஊதி இறுகிவிடும். கொண்டை ஊசியால் தோண்டினால் செவிப்பறைக்கே போகும்.

விளையாட்டுச் சாமானின் பட்டன் பற்றரி என்றால் எதையும் விடாமல் உடனே ஓடுங்கள். சில மணித்தியாலத்துக்குள் தோலையும் செவிப்பறையையும் எரித்துவிடும்.

சனிக்கிழமை டோஹாவுக்கு பிளைட். காது குத்துது, போகலாமா?

அடைத்த நடுச்செவியோடு பறந்தால் பிளேன் இறங்கும்போது வலி கடுமையாகும், செவிப்பறை கிழியவும் கூடும். முடிந்தால் பயணத்தைத் தள்ளுங்கள். முடியாவிட்டால் வைத்தியரிடம் கேட்டு, இறங்கத் தொடங்க அரை மணிக்கு முன் மூக்கடைப்புக்கான ஸ்பிரே அடித்து, இறங்கும்வரை எதையாவது மென்று விழுங்கிக்கொண்டிருங்கள், நித்திரை கொள்ள வேண்டாம். செவிப்பறை ஏற்கெனவே கிழிந்து வடியும் காதில் வலி குறைவாக இருக்கும், காற்று அந்த ஓட்டையாலேயே போய் வரும்.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போற? என்ன சொல்ற?

சாதாரணக் குத்துக்குப் பக்கத்து ஓ.பி.டி. போதும். வீக்கம், முகக்கோணல், கடும் சுற்று என்றால் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவு. களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று எதுவும் சரி. நேரே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ அம்பாறை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ போகவேண்டும் என்று தூரத்தில் வாகனம் தேடி நேரத்தை விட வேண்டாம். தேவையென்றால் அவர்களே காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு மாற்றுவார்கள்.

ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்தக் காது, என்றைக்குத் தொடங்கியது, காய்ச்சல் எத்தனை பாகை, கடைசியாகப் பரசிற்றமோல் கொடுத்த மணி, பிள்ளையின் நிறை, விட்ட மருந்துப் போத்தல். எண்ணெய் விட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ரெண்டு டொக்டர் பாத்து ஒண்டுமில்ல எண்டவங்க. எனக்குப் பயம் போகுதில்ல.

பலருக்கு இது உண்டு. பயமே தலைச்சுற்றையும், இரைச்சலையும், முகம் விறைத்த உணர்வையும் தரும். பிறகு அதைப் பார்த்து இன்னும் பயம் வரும். மணிக்கொரு தடவை காதை அமத்திப் பார்த்தால் அமத்தியதாலேயே நோகும்.

நாளுக்கு 2 தடவை மட்டும், காலை 7க்கும் இரவு 7க்கும், வலி 10க்கு எத்தனை, காய்ச்சல் எத்தனை என்று எழுதுங்கள். காதுக்குப் பின்னால் ஒரு தடவை பாருங்கள், முகத்தைக் கண்ணாடியில் ஒரு தடவை அசைத்துப் பாருங்கள். இடையில் பார்க்க வேண்டாம், இரவில் போனில் தேடவும் வேண்டாம். எண்கள் இறங்கினால் மாறுகிறது என்று அர்த்தம். ஏறினால் அந்தத் தாளோடு அதே வைத்தியரிடமே போங்கள். மூன்றாவது, நான்காவது என்று வைத்தியரை மாற்றினால் ஒவ்வொருவரும் முதல் நாள் மருந்தையே தொடங்குவார்கள், எந்த மருந்து வேலை செய்தது என்று எவருக்கும் தெரியாமல் போகும்.

சின்ன வயசில இருந்தே இடைக்கிடை காது ஒழுகும், நாத்தம். வலி இல்ல. அது பழகின காதுதானே?

எங்களுக்கு அதிகம் கவலை தருவது இந்தக் காதுதான். 2 கிழமைக்கு மேல் சீழ் நின்றுவிடாமல் வந்தாலே அது நாட்பட்ட காது. நாற்றம் சேர்ந்தால், செவிப்பறையின் தோல் உள்ளே வளர்ந்து மெல்ல மெல்ல எலும்பை அரிக்கும் கொலஸ்டியடோமா என்ற நிலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரிக்கும்போது வலிக்காது. கேட்கும் சின்ன எலும்புகள், முகநரம்பு, மேலே மூளையின் உறை, எல்லாம் அதன் வழியில்தான் இருக்கின்றன. துளி மருந்துக்கு ஒழுகல் நிற்கும், மழைக்குத் திரும்ப வரும், திரும்ப அதே துளி. இப்படியே வருடங்கள் போய்விடும். காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்த்துச் சுத்தம் செய்து, கேட்டல் பரிசோதனையும் எடுப்பார்கள். கொலஸ்டியடோமா என்றால் சத்திரசிகிச்சைதான் வழி. பழைய துண்டுகள் இருந்தால் கொண்டுபோங்கள். ஒழுகாத நாளாக இருந்தாலும் பரவாயில்லை, போங்கள்.